ஐயமும் திரிபும்: ஹாம்லெட் தேடிய சான்று

எல்சினோர் அரண்மனையில் அரசன் கிளாடியஸ் தனியாக மண்டியிட்டிருக்கிறான். காவலர் எவரும் அருகில் இல்லை. அவனுக்குப் பின்னால் அண்ணன் மகன் ஹாம்லெட் உருவிய வாளோடு வந்து நிற்கிறான். தந்தையைக் கொன்றவன் இவன்தான் என்பது ஹாம்லெட்டுக்கு அன்றிரவுதான் உறுதிப்பட்டிருக்கிறது. ஒரே வீச்சில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் வாள் இறங்கவில்லை. பிரார்த்தனையில் இருப்பவனைக் கொன்றால் அவன் ஆன்மா நேரே சொர்க்கத்துக்குப் போய்விடுமே என்று தயங்குகிறான். தன் தந்தைக்குப் பாவமன்னிப்புக் கேட்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. இவனைப் பாவத்தில் திளைக்கும் வேளையில்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவுசெய்து, வாளை உறையில் போட்டுக்கொண்டு தாயின் அறைக்குப் போகிறான்.

அவன் போன பிறகு அரசன் எழுகிறான். தான் பிரார்த்திக்கவே இல்லை என்கிறான். வாய்தான் முணுமுணுத்தது, மனம் கூடவரவில்லை. பறித்த மணிமுடியையும் அண்ணன் மனைவியையும் வைத்துக்கொண்டே அந்தப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க முடியாது என்பது அவனுக்குத் தெரிகிறது. ஹாம்லெட் பார்த்தது ஒரு மனிதன் மண்டியிட்டிருந்ததை மட்டுமே. பிரார்த்தனை என்று அவன் எடுத்துக்கொண்டது அங்கே நடக்கவே இல்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ பற்றி நெடுங்காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: இவன் ஏன் தாமதிக்கிறான்? கதே 1795-96இல் வெளியிட்ட தன் நாவலில், தாங்க முடியாத கடமை சுமத்தப்பட்ட மென்மையான உள்ளமாக அவனைக் கண்டார். செயலை விழுங்கிவிடும் சிந்தனை என்றார் கோல்ரிட்ஜ். 1904இல் ஏ. சி. பிராட்லி அதை மனச்சோர்வு என்றார். தாயின் மீதுள்ள மறைவான ஆசைதான் கையைக் கட்டிப்போட்டது என்பது ஃபிராய்டின் விளக்கம். நால்வருக்கும் பொதுவான ஒன்று உண்டு. தாமதத்தை ஒரு நோயாகக் கொண்டு, அதன் வேரை அந்த மனிதனுக்குள்ளேயே தேடினார்கள். எனக்கு அந்தத் தேடல் திசை மாறிப்போனதாகவே படுகிறது. ஹாம்லெட்டின் ஐயம் நியாயமானது. ஐயம் தீர்ந்துவிட்டதாக அவன் நம்பிய பிறகுதான் கேடு தொடங்குகிறது.

இதைச் சொல்லத் தமிழில் பழைய கருவி ஒன்று இருக்கிறது. ஒன்றைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்வதை ‘ஐயந்திரிபற’ அறிதல் என்கிறோம். ஐயம் வேறு, திரிபு வேறு. தொலைவில் நிற்பது கட்டையா மனிதனா என்று தெரியாமல் நிற்பது ஐயம். சிப்பியை வெள்ளி என்றே நம்பிவிடுவது திரிபு. மணிமேகலையின் 27ஆம் காதை, அறிவில் நேரும் பிழைகளை அடுக்கும்போது இந்த இரண்டோடு ‘தேராது தெளிதல்’ என்ற இன்னொன்றையும் சேர்க்கிறது: ஆராயாமலே முடிவுக்கு வந்துவிடுவது. ஹாம்லெட்டின் கதை இந்த மூன்றின் வழியாகவும் போகிறது. ஐயத்தில் நின்றவரை அவன் கையால் ஓர் உயிரும் போகவில்லை.

அந்த ஐயம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க மூலக்கதைக்குப் போக வேண்டும். 1200ஆம் ஆண்டை ஒட்டி டென்மார்க்கின் வரலாற்றை லத்தீனில் எழுதிய சாக்ஸோ கிராமாட்டிகஸ், ஆம்லெத் என்ற இளவரசனின் கதையைச் சொல்கிறார். அது 1514இல் பாரிஸில் அச்சேறியது. 1570இல் பெல்ஃபோரே அதைப் பிரெஞ்சில் விரித்து எழுதினார். பின்னாளில் பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெயரின் ஓசை ஹாம்லெட்டை மட்டுமல்ல, எனக்கு இந்தப் பழைய ஆம்லெத்தையும் நினைவூட்டுகிறது.

சாக்ஸோவின் கதையில் கொலை இரகசியமே அல்ல. சித்தப்பன் ஃபெங், அண்ணனைக் கொன்றதை ஊரறிய ஒப்புக்கொள்கிறான். கணவனின் கொடுமையிலிருந்து அண்ணியைக் காப்பாற்றவே அப்படிச் செய்தேன் என்று நியாயமும் சொல்கிறான். எனவே ஆம்லெத்துக்கு ஐயம் என்பதற்கே இடமில்லை. அடுத்த பலி தானாக இருக்கக் கூடும் என்பதால் உயிர் தப்பப் பைத்தியமாக நடிக்கிறான். சாம்பலில் புரண்டு எழுகிறான், பிதற்றுகிறான். ஆனால் பொய் சொல்ல அவனுக்குப் பிடிக்காது. அடுப்படியில் உட்கார்ந்து மரக்கொக்கிகளைச் செதுக்கித் தீயில் வாட்டுகிறான். என்ன செய்கிறாய் என்று கேட்டால், தந்தைக்காகப் பழிவாங்கக் கூரிய ஈட்டிகள் செய்கிறேன் என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கடைசியில், குடித்து மயங்கிய பிரபுக்களின் மேல் கூடத்துத் திரைச்சீலையை அறுத்துப் போட்டு, அந்தக் கொக்கிகளால்தான் இறுக்கிக் கட்டி, மாளிகைக்கே தீவைக்கிறான். நடத்தையில் வேடம் போட்டான், சொல்லில் உண்மையே பேசினான். அந்த வேடத்துக்குத் தேவை இருந்தது, திட்டம் இருந்தது, பலனும் இருந்தது.

ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்கு முன்பே ஆங்கில மேடையில் ஒரு ‘ஹாம்லெட்’ இருந்தது. 1589இல் தாமஸ் நாஷ் அதைக் குறிப்பிடுகிறார். 1596இல் தாமஸ் லாட்ஜ், அதில் பழிவாங்கச் சொல்லிக் கத்தும் ஆவியைப் பற்றி எழுதுகிறார். அந்த நாடகம் இன்று நம்மிடம் இல்லை. அதனால் கொலையை முதலில் இரகசியமாக்கியது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதி முடித்தபோது கதையின் அடித்தளமே மாறிவிட்டது. தோட்டத்தில் உறங்கிய அரசனின் காதில் விஷம் ஊற்றப்பட்டது. பாம்பு கடித்து இறந்தார் என்று நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. உண்மை தெரிந்தவன் கொலையாளி ஒருவனே. சாட்சி, செத்தவனின் ஆவி.

அந்தச் சாட்சியை நம்பலாமா? இன்றைய வாசகர் இந்தக் கேள்வியை எளிதில் தாண்டிப் போய்விடுவார். அன்றைய லண்டன் பார்வையாளரால் முடிந்திருக்காது. தான் பகலெல்லாம் நெருப்பில் வெந்து பாவம் கழித்துக்கொண்டிருப்பதாக ஆவி சொல்கிறது. கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கும் ஸ்தலம் இது. இங்கிலாந்துத் திருச்சபையோ அப்படி ஓர் இடமே கிடையாது என்று தன் கோட்பாட்டில் எழுதி வைத்திருந்தது. செத்தவர்களின் ஆன்மா திரும்பி வருவதில்லை, அப்படித் தோன்றுவது பெரும்பாலும் பிசாசின் வேலை என்று வாதிட்ட லூத்விக் லாவாட்டரின் நூல் 1572இல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. ஹாம்லெட் படித்ததோ விட்டன்பர்க்கில். லூதர் 1517இல் தன் எதிர்ப்பைத் தொடங்கிய ஊர் அது. சீர்திருத்த மதத்தின் பல்கலைக்கழகத்தில் படித்த மகனிடம் கத்தோலிக்க நெருப்பிலிருந்து வந்த தந்தை கொலை செய்யச் சொல்கிறார். என் மனச்சோர்வைப் பயன்படுத்திப் பிசாசு என்னை நரகத்தில் தள்ளப் பார்க்கிறதோ என்று இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஹாம்லெட் கேட்கிறான். கோழைத்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓர் உருவத்தின் சொல்லை மட்டும் நம்பி ஓர் உயிரை எடுப்பதற்கு முன் மனசாட்சியுள்ள எவனும் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஐயமே இல்லாதவன் எப்படி இருப்பான் என்பதையும் நாடகம் காட்டுகிறது. அரசனின் ஆலோசகர் பொலோனியஸ் ஹாம்லெட்டால் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும் அவர் மகன் லேயர்ட்டீஸ் கும்பலோடு அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். விசாரிக்கப் பொறுமையில்லை. ஹாம்லெட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே கழுத்தறுக்கத் தயார் என்கிறான். சில நிமிடங்களில் கிளாடியஸ் அவனைத் தன் கைக்கத்தியாக மாற்றிவிடுகிறான். உறுதி எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு எளிதாக இன்னொருவன் அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறான். லேயர்ட்டீஸைப் பார்த்த பிறகு ஹாம்லெட்டின் தயக்கத்தை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹாம்லெட் தவறும் இடம் வேறு. உண்மையைக் கண்டறிய அவன் தேர்ந்தெடுத்த வழி வேடம். நாடகத்தின் தொடக்கத்தில், துக்க உடையோடு நிற்கும் அவனிடம் ஏன் இப்படித் தோன்றுகிறாய் என்று தாய் கேட்கும்போது, தோற்றம் என்பதே எனக்குத் தெரியாது என்று சீறியவன் அவன். உடையும் கண்ணீரும் எவனும் நடிக்கக்கூடியவை, என் துயரம் அப்படிப்பட்டதல்ல என்கிறான். அதே அங்கம் முடிவதற்குள், இனி நான் விசித்திரமாக நடந்துகொள்வேன், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று நண்பர்களிடம் சத்தியம் வாங்குகிறான். ஆம்லெத்துக்கு அந்த வேடம் கவசமாக இருந்தது. ஹாம்லெட்டுக்கு அதனால் என்ன பயன்? அதுவரை யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. பைத்தியமாக நடிக்கத் தொடங்கிய பிறகுதான் அரசனின் கண் அவன் மேல் விழுகிறது. அவனை வேவு பார்க்கப் பள்ளித் தோழர்கள் ரோஸன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் வரவழைக்கப்படுகிறார்கள்.

அந்தச் சத்தியத்துக்கு அடுத்து ஷேக்ஸ்பியர் எந்தக் காட்சியை வைத்திருக்கிறார் என்று கவனிக்க வேண்டும். ஹாம்லெட் வேடம் பூணப்போவதாகச் சொன்னவுடன் இரண்டாம் அங்கம் திறக்கிறது. அங்கே பொலோனியஸ், பாரிஸில் இருக்கும் தன் மகனை உளவு பார்க்க ஓர் ஆளை அனுப்புகிறார். மகனைப் பற்றிச் சில்லறைப் பழிகளை நீயே சொல், கேட்பவர்கள் ஆமாம் போட்டால் உண்மை வெளிவரும் என்று பாடம் நடத்துகிறார். பொய்யைத் தூண்டில் புழுவாக வைத்து உண்மை மீனைப் பிடிக்கும் வித்தை. பெரும்பாலும் சிரிப்புக்காக நடிக்கப்படும் காட்சி இது. அவசரமாக மேடையேற்றுபவர்கள் வெட்டிவிடுவதும் உண்டு. எனக்கு இது நாடகத்தின் திறவுகோல்களில் ஒன்று. சிறிது நேரத்தில் ஹாம்லெட் செய்யப்போவதும் இதே வித்தைதான். யாரை வெறுக்கிறானோ அவருடைய முறையையே அவன் கைக்கொள்கிறான்.

பழியுணர்வுக்கும் சூதுக்கும் தமிழில் ‘வஞ்சம்’ என்ற ஒரே சொல் இருக்கிறது. ‘வஞ்சினம்’ வேறு. அது புறநானூற்று மன்னர்கள் எல்லாரும் கேட்க உரைத்த சூள். ஹாம்லெட்டிடம் ஆவி கேட்டது வஞ்சினத்தை. எல்சினோரின் சூழல் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது வஞ்சத்தின் இரண்டாவது பொருளை.

இனி, ஹாம்லெட்டே ‘எலிப்பொறி’ என்று பெயரிட்ட நாடகத்துக்கு வருவோம். அரண்மனைக்கு வந்த நடிகர்களைக் கொண்டு, தந்தையின் கொலையைப் போன்ற ஒரு நாடகத்தை அரசன் முன் நடத்தி, அவன் முகம் வெளிறுகிறதா என்று பார்ப்பது ஹாம்லெட்டின் திட்டம். ஒரு சோதனை என்ற அளவில் அதில் நேர்மை இருக்கிறது. தன் கண்ணை மட்டும் நம்பாமல் நண்பர் ஹொரேஷியோவையும் கவனிக்கச் சொல்கிறான். பிறகு இருவரும் பார்த்ததை ஒப்பிட்டு முடிவுக்கு வரலாம் என்கிறான். இரண்டாவது சாட்சியைத் தேடும் மனம் இது.

ஆனால் சோதனை கெட்டுப்போகிறது. முதலில், வசனம் தொடங்குமுன் கொலை முழுவதும் ஊமைக்காட்சியாக நடித்துக் காட்டப்படுகிறது. தோட்டம், உறக்கம், காதில் விஷம், அரசியை மயக்குதல் என்று எதுவும் விடுபடவில்லை. கிளாடியஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். 1917இல் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் இதைப் பிடித்துக்கொண்டார். அப்பட்டமாகத் தன் குற்றத்தைப் பார்த்தும் அவன் கலங்கவில்லை என்றால், காதில் விஷம் ஊற்றிக் கொன்றான் என்ற கதையே உண்மையல்ல, ஆவி சொன்னதாக ஹாம்லெட் கேட்டதெல்லாம் அவன் மனப்பிரமை என்று எழுதினார். அந்தக் கட்டுரையை சண்டர்லாந்துக்குப் போகும் ரயிலில் படித்த டோவர் வில்சன், அதற்குப் பதில் தேடியே பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1935இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் விடை எளிமையானது: அரசன் பேச்சில் இருந்ததால் ஊமைக்காட்சியைக் கவனிக்கவில்லை. நாடகப் பிரதியில் இதற்கு நேரடி ஆதாரம் கிடையாது.

கிரெக்கின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் சோதனையில் ஓட்டை இருக்கிறது என்று கண்டதில் அவர் சரி. அதைவிடப் பெரிய ஓட்டை அடுத்து வருகிறது. விஷக்குப்பியோடு லூசியானஸ் மேடைக்கு வந்ததும், இவன் யார் என்று ஹாம்லெட்டே சபைக்கு அறிவிக்கிறான். அரசனின் தம்பி என்று சொல்லியிருந்தால் நடந்த கொலையாகியிருக்கும். அவன் சொல்வதோ, அரசனின் உடன்பிறந்தார் மகன் என்று. இப்போது கிளாடியஸுக்கு முன்னால் நடப்பது என்ன? உறவு முறையில் மகனாகிறவன் அரசனாக இருக்கும் சித்தப்பனைக் கொல்லும் காட்சி. கடந்த குற்றமும் வரப்போகும் மிரட்டலும் ஒரே உருவில் நிற்கின்றன. அரசன் எழுந்து வெளியேறுகிறான். குற்ற உணர்விலா, உயிர்ப் பயத்திலா? சபையில் இருந்த மற்றவர்களுக்கு அரசன் ஒரு கொலையாளி என்று தோன்றவே இல்லை. இளவரசன் அரசனை அவமதித்துவிட்டான் என்றுதான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். தாயும் அதையே சொல்லிக் கண்டிக்கிறாள்.

ஹாம்லெட்டோ துள்ளிக் குதிக்கிறான். ஆவியின் ஒவ்வொரு சொல்லும் பெருந்தொகை பெறும் என்று ஹொரேஷியோவிடம் சொல்கிறான். ஹொரேஷியோவின் பதிலைக் கவனித்தீர்களானால், அவர் அரசனை நன்றாகக் கவனித்ததாக மட்டும் சொல்கிறார். குற்றவாளி என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்போம் என்ற பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டாவது சாட்சியின் வாக்குமூலம் பதிவாகவே இல்லை.

கிளாடியஸ் குற்றவாளிதான். நமக்கு அது தெரியும். எலிப்பொறிக்கு முன்பே அவன் தன் மனசாட்சியின் சுமையைத் தனக்குள் சொல்லிக்கொண்டதை நாம் கேட்டிருக்கிறோம். ஹாம்லெட் வந்தடைந்த முடிவு சரி. வந்தடைந்த வழி பழுது. முடிவு சரியாக இருந்ததாலேயே வழியின் பழுது அவன் கண்ணுக்குப் படவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த இரவில் அவனுக்குள் குடியேறுகிறது. அதன் பிறகு அவன் பார்ப்பதெல்லாம் தவறிப்போகிறது.

பிரார்த்தனைக் காட்சி முதல் தவறு. மண்டியிட்ட உடலைப் பார்த்து அதற்குள் இருக்கும் ஆன்மாவைப் படித்துவிட்டதாக நினைக்கிறான். சிப்பி வெள்ளியாகிறது. அவன் அங்கே பேசும் பேச்சை, படிக்கவும் சொல்லவும் கூசும் பேச்சு என்று கருதினார் சாமுவேல் ஜான்சன். கொல்வது போதாது, நரகத்துக்கும் அனுப்ப வேண்டும் என்பது கடவுளின் இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்வது. ஐயப்பட்டுக்கொண்டிருந்த ஹாம்லெட்டுக்கு இவ்வளவு துணிச்சல் இருந்ததில்லை.

சில நிமிடங்களுக்குள் அடுத்தது. தாயின் அறையில் திரைக்குப் பின்னால் குரல் கேட்கிறது. யார் என்று பார்க்காமலே வாளைப் பாய்ச்சுகிறான். அரசனா என்று கேட்பது குத்திய பிறகு. விழுந்து கிடப்பவர் ஒளிந்து கேட்பதையே தொழிலாகக் கொண்ட பொலோனியஸ். ‘தேராது தெளிதல்’ என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணத்தை நான் எங்கும் கண்டதில்லை. செயலற்றவன் என்று பேரெடுத்தவனின் முதல் செயல் இது. அதன் விளைவாக, பொலோனியஸின் மகள் ஒஃபீலியாவுக்கு உண்மையிலேயே சித்தம் கலங்குகிறது. அவன் நடித்ததை அவள் அனுபவிக்கிறாள். அரசனும் தந்தையும் தூண்டில் இரையாக வைத்த பெண், காதலித்தவனால் விரட்டப்பட்ட பெண், நீரில் மூழ்கிப் போகிறாள். இந்த நாடகத்தில் எந்த வஞ்சத்திலும் விருப்பத்தோடு பங்கெடுக்காதவள் அவள் என்பதால் அவள் சாவு மற்ற சாவுகளைவிட அதிகம் வலிக்கிறது.

தாமதிப்பவன் என்ற பெயர் நிலைக்க ஒரு தனிமொழிக்குப் பெரும்பங்கு உண்டு. பொலோனியஸின் சாவுக்குப் பிறகு அரசனால் இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் வழியில், நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸின் படையைப் பார்த்து ஹாம்லெட் தன்னையே நொந்துகொள்ளும் சுமார் 35 வரிகள் அவை. 1604-05இல் வந்த இரண்டாம் குவார்ட்டோ பதிப்பில்தான் அவை இருக்கின்றன. 1603இன் சிறிய முதல் குவார்ட்டோவில் இல்லை, 1623இன் ஃபோலியோவிலும் இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொள்பவனின் வாக்குமூலத்தை அப்படியே நம்பி விமர்சனம் எழுதியவர்கள், அந்த வாக்குமூலம் எல்லாப் பிரதியிலும் இல்லை என்பதற்குப் போதிய கனம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது அந்தக் கடற்பயணத்தில் நடந்தது. இரவில், உடன் வரும் பள்ளித் தோழர்களின் முத்திரையிட்ட கடிதத்தைத் திருடிப் பிரிக்கிறான் ஹாம்லெட். இங்கிலாந்தில் அவன் தலையை வெட்டும்படி அதில் ஆணை. உடனே அழகான அலுவலகக் கையெழுத்தில் வேறோர் ஆணை எழுதி, தந்தையின் முத்திரை மோதிரத்தால் முத்திரையிட்டு, பழைய இடத்திலேயே வைக்கிறான். கடிதம் கொண்டுவருபவர்களை உடனே கொன்றுவிட வேண்டும், பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நேரம் தரக்கூடாது என்பது புதிய ஆணை. கடிதத்தில் என்ன இருந்தது என்று ரோஸன்கிராண்ட்ஸுக்கும் கில்டன்ஸ்டெர்னுக்கும் தெரிந்ததாக நாடகத்தில் ஒரு சொல் இல்லை. அவர்களைத் தடுக்கச் சாவு தேவையில்லை, பாவமன்னிப்பை மறுக்க எந்தத் தேவையும் இல்லை. ஆவியின் கொடிய முறையீடே அதுதானே: மன்னிப்புக் கேட்க அவகாசமின்றி என்னை அனுப்பிவிட்டான் என்பது. கிளாடியஸ் தன் தந்தைக்குச் செய்ததை, தந்தையின் மோதிரத்தாலேயே, இரண்டு பழைய தோழர்களுக்குச் செய்கிறான் மகன். என் மனசாட்சியை அது உறுத்தவில்லை என்று ஹொரேஷியோவிடம் சொல்கிறான். முதல் அங்கத்தில் நாம் நேசித்த இளைஞன் இங்கே காணாமல் போயிருக்கிறான். கிளாடியஸ் தோட்டத்தில் ஊற்றிய விஷம் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் வாட்போட்டி. அரசனும் லேயர்ட்டீஸும் செய்த ஏற்பாட்டில் விஷம் தோய்த்த வாள், விஷம் கலந்த கோப்பை. தாய் விழுகிறாள், லேயர்ட்டீஸ் விழுமுன் அரசனைக் காட்டிக்கொடுக்கிறான். ஹாம்லெட் அரசனைக் குத்துகிறான், கோப்பையையும் குடிக்க வைக்கிறான். இத்தனை நாள் தள்ளிப்போன பழி ஒரு நிமிடத்தில் தீர்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் அவன் வாயில் தந்தையின் பேச்சு இல்லை. என் தாயின் பின்னே போ என்பதுதான் அவன் சொல்வது. ஆவி வரவில்லை. அதை யாரும் நினைவுகூரவும் இல்லை.

சபையோ, இளவரசன் அரசனைக் குத்தியதும், துரோகம் என்று கத்துகிறது. லேயர்ட்டீஸ் அம்பலப்படுத்தியது அன்றைய சதியை மட்டுமே. தோட்டத்தில் நடந்த கொலை அந்த மண்டபத்தில் நிரூபிக்கப்படவில்லை. கிளாடியஸ் எதையும் ஒப்புக்கொள்ளாமலே சாகிறான். அவன் வாய்விட்டு ஒப்புக்கொண்டது பிரார்த்தனைக்கு மண்டியிடுமுன் அந்த ஒரு தடவைதான், அதைக் கேட்டது பார்வையாளர்களான நாம் மட்டும். ஹாம்லெட் நுழைந்தபோது அந்த வாக்குமூலம் சற்றுமுன் முடிந்திருந்தது.

மீதமிருப்பது ஹொரேஷியோ. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடிக்கப் போனவரைத் தடுத்து, உயிரோடு இருந்து என் கதையைச் சொல் என்று ஹாம்லெட் மன்றாடுகிறான். உண்மை தெரியாமல் போனால் தன் பெயர் புண்பட்டே கிடக்கும் என்று அஞ்சுகிறான். ஹொரேஷியோ ஆவியைக் கண்ணால் கண்டவர். ஆனால் அது சொன்ன கதையைக் காதால் கேட்டவர் அல்லர். ஹாம்லெட் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். இங்கிலாந்திலிருந்து வந்த தூதர்கள், தோழர்கள் இருவரும் கொல்லப்பட்ட செய்தியோடு நிற்கிறார்கள். அதைக் கேட்க வேண்டிய அரசன் உயிரோடில்லை. ஃபோர்ட்டின்பிராஸ் அரியணைக்குரிய தன் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். ஹொரேஷியோ எல்லாவற்றையும் விளக்கப்போவதாகச் சொல்கிறார், பிரபுக்களை அழைத்துவரச் சொல்கிறான் ஃபோர்ட்டின்பிராஸ். அவர் சொல்லப்போவதைக் கேட்க நமக்கு வாய்க்கவில்லை. ஹாம்லெட்டின் உடலை நான்கு தளபதிகள் தூக்கிப் போகிறார்கள், வெளியே பீரங்கி முழங்குகிறது.